கடலிலிருந்து தகவல் இல்லை

விமானம் கடலில் விழுந்த அன்று காலை நான் கம்பெனி கேப்பில் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் போனைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம ஏர்லைன்தானே?" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். சென்னையிலிருந்து ஒரு தீவுக்குக் கிளம்பிய விமானம் வங்கக் கடலுக்கு மேலே தொடர்பை இழந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது.

நம்ம ஏர்லைன் என்று அவள் சொன்னது ஒரு பேச்சுக்கு. அந்த விமானக் கம்பெனிக்கு வரும் போன்களை எடுத்துப் பேசுகிற ஒரு நிறுவனத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். டிக்கெட் தேதியை மாற்றித் தருவது, காணாமல் போன பெட்டியைத் தேடுவது, சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சாப்பாடு சொல்லி வைப்பது, இவ்வளவுதான். நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

ஆபீசில் என் இடத்தில் போய் உட்காருவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "உனக்குத் தமிழ், கன்னடா, ஹிந்தி மூணும் வருதில்ல? ட்ரெயினிங் ரூமுக்குப் போ. தமிழ் ஆளுங்க ஜாஸ்தி இருக்காங்களாம்."

அந்த அறையின் கண்ணாடிக்கு அதற்குள் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். நீள மேஜை, வரிசையாகப் போன்கள். தலைமை அலுவலகத்துப் பெண் ஒருத்தர் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். விழுந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. இறந்துவிட்டார்கள் என்று சொல்லவே கூடாது. 'தகவல்' என்ற ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். தகவல் கிடைத்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம். இதுவரை தகவல் இல்லை.

அன்று முழுக்கப் பேசினேன். ஒரு பெண் தன் மகளின் சீட் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சரியாக எழுதிக்கொண்டால் மகள் கிடைத்துவிடுவாள் என்பதுபோல. வயதான ஒருவர், "எங்க போன்லேருந்து போட்டா பையனுக்கு ரிங் போவல, நீங்க அங்கேருந்து போட்டுப் பாருங்களேன்" என்றார். போட்டேன். எனக்கும் போகவில்லை. இதற்கு நடுவில் ஒருவர், நாளைக்கு கோவா போகும் விமானம் நேரத்துக்குக் கிளம்புமா என்று கேட்டார். அவருக்கும் பதில் சொன்னேன்.

சாயங்காலம் ஈஜிபுராவில் கேப் இறக்கிவிட்டபோது கால் வலித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காத ஒருத்திக்குக் கால் எப்படி வலிக்கும் என்று தெரியவில்லை. வீட்டில் அப்பா டிவி முன்னால் இருந்தார். அம்மா போன பிறகு நானும் அவரும் மட்டும்தான். தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதன் தூசி அவர் நெஞ்சிலேயே இருந்தது. நாலு வார்த்தை பேசினால் நின்று இருமிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார்.

"உன் ஆபீஸ்தானாமே?"

"போன் எடுக்கறது மட்டும்தாம்ப்பா நாங்க."

அவர் இருமி முடித்தார். பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உள்ள பாறை வெடிச்சுதுன்னா, மேல சைரன் ஊதும். பொம்பளைங்க எல்லாம் ஓடியாந்து குழி வாசல்ல நிப்பாங்க. கம்பெனி ஆளு ஒருத்தன் வெளிய வந்து, இன்னும் ஒண்ணும் தெரியலம்மான்னு சொல்லிட்டு உள்ள பூடுவான். அவனும் நம்ம லைன் வீட்லயே குடியிருக்கறவன்தான். ஆனா அப்புறம் யாரும் அவன்கூட பேச மாட்டோம். பாவம், அவன் இன்னா பண்ணுவான். ஆனாலும் பேச மாட்டோம்."

நான் கை கால் கழுவப் போனேன்.

இரண்டொரு நாளில் ஏற்பாட்டை மாற்றினார்கள். ஆளாளுக்குச் சில குடும்பங்களைப் பிரித்துக் கொடுத்து, தினமும் அதே குரல்தான் அவர்களிடம் பேச வேண்டும் என்றார்கள். எனக்கு வந்தவர்களில் ஒருத்தி ஒக்கலிபுரத்தில் இருந்தாள். ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவர், தீவில் புதிதாகக் கட்டிய ஹோட்டல் ஒன்றில் வேலைக்காகக் கிளம்பியவர். முதல் விமானப் பயணம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷன் என்பதால் அவளும் பெண் குழந்தையும் நடந்தே போய் அவரைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

முதல் தடவை நான் கூப்பிட்டதும் அவள் கேட்டது, "கெடச்சுட்டாரா?"

"தேடிட்டிருக்காங்க மேடம். தகவல் கெடச்சதும்..."

"மேடமெல்லாம் வாணாம். நான் கார்மெண்ட்ஸ்ல செக்கிங்ல இருக்கறவ. நீ தமிழா?"

"ஆமா."

"எந்தூரு?"

இதெல்லாம் சொல்லக் கூடாது. சொன்னேன். "கோலாரு, தங்கவயல்."

"எங்கம்மா ஊடு பேர்ணாம்பட்டு. அப்ப ஒரே பக்கம்தான் நாம." ஏதோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேசுவது மாதிரி இருந்தது. பிறகு அடக்க முடியாமல் அழுதாள். அழுது முடித்து, "நாளைக்கும் நீயே பண்ணுக்கா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. இல்லை என்பதைத்தான் விதவிதமாகச் சொன்னேன். தேடும் பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இன்னொரு கப்பல் போயிருக்கிறது. இன்றைக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கிறதாம். அவள் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டுவாள். பிறகு அவளே கேள்வி கேட்பாள். கடல் அங்கே எவ்வளவு ஆழம்? அடியில் குளிருமா? அவருக்கு நீச்சல் தெரியாதே, தெரியாதவங்களுக்கு ஏதாவது கட்டிவிடுவாங்களா? எதற்கும் பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை. தெரியவும் தெரியாது.

ஒரு நாள் அவள் வேறு மாதிரி ஒன்று கேட்டாள்.

"ஏன்க்கா, அவரு ட்ரெயின்லயும் ஒண்ணும் துன்னல. ஏர்போர்ட்லேருந்து போன் பண்ணாரு, இங்க வெலயெல்லாம் பயங்கரமா கீது, ஒண்ணும் வாணாம்னு வந்துட்டேன்னாரு. பிளேன்ல சாப்பாடு குடுத்திருப்பாங்களா?"

இது எனக்குத் தெரிந்த விஷயம். சாப்பாடு சொல்லி வைப்பது என் பழைய வேலை. அந்த விமானம் மேலே ஏறி நிதானமாகப் பறக்க ஆரம்பித்து நல்ல நேரம் ஆன பிறகுதான் தொடர்பு போனது. அவர் வாங்கியிருந்த டிக்கெட்டில் காலைச் சாப்பாடும் உண்டு.

"குடுத்திருப்பாங்க" என்றேன்.

"இன்னா குடுப்பாங்க?"

"இட்லி, இல்லன்னா உப்புமா. சின்ன கப்புல சாம்பாரு. ஒரு பன்னு, வெண்ண. அப்புறம் டீ."

"சாம்பாரு சூடா இருக்குமா?"

"சூடு பண்ணித்தான் குடுப்பாங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பதிவாகியிருந்த அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார். "சாம்பார் பத்தியெல்லாம் எதுக்கும்மா பேசறே? தெரியாத விஷயத்தைச் சொல்லக் கூடாது. நாளைக்கு கோர்ட்டுல அதையே கேப்பாங்க." சொல்லும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆகியிருந்ததோ. "ஸ்வல்ப, கொஞ்சம் பார்த்துப் பேசு, அவ்ளோதான்" என்று குரலை இறக்கினார். நான் தலையாட்டினேன். அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக் கூட ஒரு தெம்பு வேண்டுமே.

நாளாக ஆக, அவள் மச்சாண்டார், கணவரின் அண்ணன், போனை வாங்கிப் பேச ஆரம்பித்தார். ஸ்டேஷனில் பார்சல் மூட்டை தூக்குகிறவர். கரகரத்த குரல், ஆனால் மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், நான் சண்ட போடறதுக்கு வர்ல. எங்க நெலமைய மட்டும் கேளுங்க. ஊட்ல வெளக்கு ஏத்தலாமா கூடாதான்னே தெரில. தீட்டுன்னா தீட்டு, இல்லன்னா இல்ல. எதுனா ஒண்ணு இருக்கணும் இல்ல? நான் காரியம் பண்ணிடலாம்ன்றேன். அவ, ஆள கண்ல காட்டாம எப்படிப் பண்ணுவேன்றா. கொழந்த ரெண்டு பேர் மூஞ்சியயும் மாத்தி மாத்திப் பாக்குது. பேஜாராயிடுச்சு மேடம். நீங்களாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"இதுவரைக்கும் தகவல் இல்லிங்க."

"அத்த விட்டா வேற ஒண்ணும் சொல்லக் கூடாதா ஒங்கள?"

"கூடாதுங்க."

"சரி" என்றார். "ஒங்களுக்கும் கஷ்டம்தான்."

பிறகு சில பொருள்கள் கிடைத்தன. இறக்கையின் ஒரு துண்டு, சீட்டு மெத்தைகள், கொஞ்சம் பைகள், ஒற்றை ஷூ ஒன்று. கிடைத்தவற்றின் அடையாளங்களைக் குடும்பங்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னார்கள். பழுப்பு நிற ஷூ, இடது கால் என்று படித்தேன். "அவரு செருப்பு போட்டுனுதான் போனாரு" என்றாள். உடனே, "அது யாருதோ, அவங்களுக்கு ஒழுங்கா சொல்லிடுக்கா" என்றாள். சில உடல்களும் கிடைத்தன. ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துக் குழந்தையிடம் ரத்தம் எடுத்தார்கள். எதுவும் அவருடன் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பதையும் நான்தான் சொன்னேன். எனக்குப் பிரித்துக் கொடுத்த வேறு ஒரு வீட்டுக்குப் பொருந்துகிறது என்று சொன்னேன். அவர்கள் நன்றி சொன்னார்கள். அன்று மத்தியானம் பாத்ரூமில் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அப்பா தினமும் கேட்பார். கீழ் வீட்டுக்காரர்களிடம் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் செய்தியை விடாமல் பார்ப்பார். ஒரு தடவை, "எங்காளுங்கள எப்பிடியும் மேல கொண்டாந்துடுவாங்க. லேட்டானாலும் கொண்டாருவாங்க. அதுக்கோசரம்தான் அந்த வாசல்லயே நிப்போம். இவங்க எங்க போயி நிப்பாங்க?" என்றார். அது என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தேடுவதை நிறுத்துகிறோம் என்று ஒரு நாள் அறிவித்தார்கள். டிவியில் வருவதற்குள் நாங்கள் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒக்கலிபுரத்துக்குப் போட்டேன். அவளே எடுத்தாள். எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன்.

"அப்ப நாளைக்கு நீ போன் பண்ண மாட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

உறவினர்களைக் கப்பலில் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அஞ்சலி செலுத்த ஏற்பாடு நடக்கிறது, அதற்காகக் கூப்பிடுவேன் என்றேன். அடுத்த முறை கூப்பிட்டபோது வர மாட்டேன் என்றாள். அவள் மச்சாண்டார் கெஞ்சிப் பார்த்தார். பிறகு அவளே போனை வாங்கி, "நீ வந்தா வரேன். அங்க எவன் எவனோ இங்கிலீஸ்ல பேசுவான். எனக்கு ஒன் கொரலுதான் தெரியும்" என்றாள்.

குடும்பங்களை நேரில் பார்க்கக் கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் யார் யாரிடமோ பேசி அனுமதி வாங்கினார். "போய்ட்டு வா. நானும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

பெங்களூர்க் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு பஸ். மெஜஸ்டிக் பக்கத்தில் ஏறும்போதுதான் அவளை முதன்முதலில் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னவள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு, மச்சாண்டாருடன் வந்திருந்தாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் குரலை வைத்துக் கண்டுபிடித்து வந்து கையைப் பிடித்தாள். "நீ ஒசரமா இருப்பன்னு நெனச்சேன்" என்றாள். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

மறுநாள் விடிந்ததும் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதுமே அவளுக்கு வாந்தி வர ஆரம்பித்தது. எனக்கும்தான். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு மாறி மாறி முதுகைத் தடவி விட்டுக்கொண்டோம். லெமன் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். முதலில் யாரும் தொடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராகப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த இடம் வந்ததும் இன்ஜினை நிறுத்தினார்கள். சத்தம் நின்றது, ஆட்டம் அதிகமானது. நாலு பக்கமும் ஒரே மாதிரித் தண்ணீர். அதிகாரி ஒருவர் மைக்கில் பேசினார். அவர் பேசி முடித்ததும் இவள் நேரே போய்க் கேட்டாள்.

"இங்கதானா சார்?"

"சுமாரா இங்கதாம்மா."

"சுமாரான்னா?"

அவர் கையை நீட்டிச் சுற்றிலும் ஒரு வட்டம் காட்டினார். கை கீழே இறங்கும்போது அவர் முகம் வாடிவிட்டது.

மச்சாண்டார் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றப் பார்த்தார். காற்று விடவில்லை. தீக்குச்சி அணைந்து அணைந்து போயிற்று. பக்கத்தில் தன் மகனுக்காகத் துவா ஓதிக்கொண்டிருந்த ஒரு வயதானவர் எழுந்து வந்து, தோளில் இருந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துத் தட்டைச் சுற்றி மறைத்துப் பிடித்தார். கற்பூரம் பற்றியது. அது எரிந்து முடியும் வரை அவர் அப்படியே நின்றார்.

மற்றவர்கள் எல்லாரும் பூவைப் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் சாமந்தி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கப்பல் திரும்பப் போகிறது என்று சொன்னார்கள். அவள் குனிந்து, ரயில் பெட்டி ஜன்னலில் நின்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"யோவ், நாங்க கெளம்பறோம். பாப்பாக்கு ஸ்கூல் இருக்குது."

மாலை கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. மச்சாண்டார்தான் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, மூட்டை தூக்குகிற அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்தது. வேலூர் வந்தது, ஆம்பூர் வந்தது, டீக்கு நிறுத்தினார்கள், எல்லாரும் இறங்கி ஏறினார்கள். அவள் அசையவில்லை. என் கை மரத்துப் போயிற்று. மெதுவாக நகர்த்தப் பார்த்தபோது பின் சீட்டிலிருந்து மச்சாண்டார் குனிந்து, "எழுப்பாதீங்கம்மா. சேதி வந்த நாள்லேருந்து அவ தூங்கல" என்றார்.

ஓசூர், அத்திபெலே, பிறகு நான் தினமும் போகிற மேம்பாலம். சில்க் போர்டில் இறங்கினால் எனக்கு வீடு பக்கம். டிரைவர் நிறுத்தட்டுமா என்று கண்ணாடியில் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். மெஜஸ்டிக் போய், அவளாகக் கண் விழித்து, "வந்துட்டமா?" என்று கேட்ட பிறகு இறங்கி, சிட்டி பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அப்பா தட்டில் சோறு போட்டு வைத்தார். நான் சாப்பிடும்போது கீழ் வீட்டு அம்மா ஏதோ வாங்க மேலே வந்தார். "எங்க, ரெண்டு மூணு நாளா பொண்ணக் காணோம்?" என்றார். "அந்தப் பிளேன் விழுந்துதே, அதுல ஆளப் பறிகுடுத்தவங்ககூட கடலுக்குப் போயி நின்னுட்டு வந்துகீறா" என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். அன்று நான் கழுவாத கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

கொஞ்ச நாளில் அந்த அறையை மூடிவிட்டு எங்களைப் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். முதல் போன், பெட்டி வரவில்லை என்று கத்திய ஒருவர். பெட்டியில் மறுநாள் கல்யாணத்துக்குப் போட வேண்டிய கோட் இருக்கிறதாம். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

ஒக்கலிபுரத்தில், அவளே சம்மதித்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆற்றங்கரையில் காரியம் செய்தார்கள். என்னையும் கூப்பிட்டாள், போனேன். பொட்டை எடுக்க மாட்டேன் என்றாள். சொந்தக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். "அது அவ இஷ்டம். யாரும் பேசக் கூடாது" என்று மச்சாண்டார் ஒரே அதட்டாக முடித்தார். அவள் திரும்ப வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள். குழந்தையின் மார்க், மெஷின் ரிப்பேர், வாடகை வீட்டு ஓனர் தொல்லை என்று பேசுவோம். பேச்சு எங்கே போனாலும் சற்று நேரத்தில் அந்தக் கடலுக்கே வந்து நின்றுவிடும்.

ஒரு நாள் நான் ஆபீஸ் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"ஒன் கொரல கேட்டாலே எனக்கு அந்த நாளுங்க திரும்ப வந்துடுதுக்கா. நீ ஒண்ணும் பண்ணல. நீ இல்லன்னா நான் இன்னாயிருப்பேனோ. ஆனா கொஞ்ச நாளைக்கு பேச வாணாம்க்கா."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்ல. எனக்கும் அப்படித்தான் இருக்குது."

அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. "நல்லா இரு, அக்கா" என்றாள். "நீயும் நல்லா இரு, பாப்பாவப் பாத்துக்கோ" என்றேன். வைத்துவிட்டாள். பின்னால் நின்ற ஆள் நகரச் சொன்னார். நகர்ந்து தட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னல் ஓரம் காலியாக இருந்த மேஜையில் போய் உட்கார்ந்தேன். நல்ல பசி. எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.